மேடையில் சொல்லாத பெயர்

உ

மேல் லயம், ஸ்பிரிங்வெளி,
பதுளை.
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

தனுஜாவின் அப்பாவுக்கு, தயானி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் தனுஜாவும் உங்கள் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை அந்தச் சொல்லுக்குப் போகவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், இருக்கிறீர்களா என்று கேட்க வேண்டிய இடத்தில் என்னை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அதனால் முதலில் உங்கள் மேல் எனக்குக் கோபம் என்பதை எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

இந்தக் கடிதத்துக்கு உறையும் இல்லை, முத்திரையும் இல்லை. பெரகலையில் கடை வைத்திருக்கும் உங்கள் கூட்டாளி ஹஸீப் அண்ணன் இதை போனில் படம் பிடித்து, ரஷ்யாவில் நீங்கள் இருந்த ஆர்மி முகாமில் சமையல் வேலை பார்க்கும் காலி ஊர்க்காரர் ஒருவருக்கு அனுப்புவாராம். அவர் உங்களைக் கண்டால் காட்டுவாராம். கண்டால் என்று அண்ணன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை என்று கேலி செய்வீர்களே, அதனால் படத்தில் தெரிய வேண்டும் என்று பெரிதாக எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவதில்லை. தை மழையில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்து நம் குசினியில் அடுப்புப் பக்கத்துச் சுவரில் வெடிப்பு. தோட்டத்து ஐயா வந்து பார்த்தார், பார்த்துவிட்டுப் போனார். நான் இன்னும் பிள்ளைக் காம்பராவில்தான் ஊரார் பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். தனுஜா சாதாரண தரப் பரீட்சையில் மிக நன்றாகச் செய்திருக்கிறாள். விஞ்ஞானமும் கணிதமும் விசேட சித்தி. லீலாதேவி டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். அதற்கான உயர் தர வகுப்பு நம் தோட்டப் பாடசாலையில் இல்லை. பதுளை டவுனில் தங்கிப் படிக்க வேண்டும். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

உங்கள் கடைசிக் குரல் பதிவு தீபாவளிக்கு முதல் நாள் வந்தது. குளிருது, சாப்பாடு பரவாயில்ல, புள்ளைகிட்ட குடு என்று சொல்லியிருந்தீர்கள். பின்னால் யாரோ கத்துகிற சத்தம். அதன்பிறகு ஒன்றுமில்லை. அம்மா அதைத் தினமும் போட்டுக் கேட்கிறார். புள்ளைகிட்ட குடு என்று நீங்கள் சொல்லும்போது, இந்தா குடுக்கிறேன்டா என்று போனுக்குப் பதில் சொல்கிறார். முகாமுக்குக் காவல் வேலை, துப்பாக்கியைத் தொடவே தேவையில்லை என்று சொல்லித்தானே விமானம் ஏறினீர்கள்? அதை நம்பியவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

தனுஜாவின் படிப்புக்கு என்ன வழி என்று ஹஸீப் அண்ணனிடம் போய் நின்றேன். உங்களோடு ஆர்மியில் இருந்து, வன்னிச் சண்டையில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தவர், நமக்காக யாரிடமாவது கேட்பார் என்ற நம்பிக்கை. நிழல் என்ற அமைப்பில் கேட்போம் என்றார். நீங்கள் ரஷ்யாவுக்குப் போகுமுன் அவர்கள் டாக்டரைப் பார்க்கப் பண்டாரவளைக்கு ஒரு நாள் போய் வந்தீர்களே, அதே அமைப்புத்தான். விசேட படையில் இருந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவ, ஓய்வுபெற்ற அதிகாரிகளும் அவர்களுடைய மனைவிமாரான நோனாமாரும் கொழும்பில் நடத்துவது என்று நீங்கள்தான் எனக்கு விளக்கிச் சொன்னீர்கள். உங்களுக்குத் தூக்கம் வராததற்கும், நித்திரையில் கையால் காதைப் பொத்திக்கொண்டு சுருள்வதற்கும் அங்கே வைத்தியம் இருக்கிறது என்று நான்தான் பிடிவாதமாக அனுப்பினேன். திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, டீயும் பணிசும் குடுத்தாங்க என்றீர்கள்.

அங்கே நடந்ததை இப்போதுதான் ஹஸீப் அண்ணன் வாயால் கேட்டேன். காட்டுக்குள் உங்கள் வேலை, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்து இயக்கப் பிள்ளைகள் வயர்லஸில் பேசுகிற தமிழைக் கேட்டு, கேட்டதைக் கேட்டபடி சிங்களத்தில் சொல்வதாமே. நீங்கள் சொன்ன இடத்தில் குண்டு விழுமாம். தோட்டத்துக்கெல்லாம் ஆர்மியில் டிரைவர் என்று சொல்லி வைத்தீர்கள், எனக்கும் அதையே சொன்னீர்கள். இத்தனை வருடமும் ஒரு டிரைவரோடு குடித்தனம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ரமேஸின் ஆட்டோவை வாங்கி ஓட்டித் தண்ணீர்ப் பீலிக்குள் விட்டவர் ஆர்மியில் எதை ஓட்டியிருப்பீர்கள் என்று எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை, பாருங்கள்.

அமைப்பின் டாக்டருக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஆனாலும் எனக்கு இதைத் தமிழில்தான் சொல்ல வரும் என்றீர்களாம். அவர்கள் முகம் சுளிக்காமல் தேடிப்பிடித்து ஒரு தமிழரைக் கூட்டி வந்தார்கள். பதுளையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், இரகுநாதன் மாஸ்டர். நல்ல மனிதர், யாழ்ப்பாணத்தவர். அவர் உங்கள் தோளைத் தொட்டு, சொல்லுங்கோ தம்பி, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ என்றாராம். நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள்.

அமைப்புக்காரர்களுக்குத் தமிழ் என்றால் தமிழ்தான். அந்த யாழ்ப்பாணப் பேச்சைத்தான் நீங்கள் மாதக்கணக்காகக் காதில் மாட்டிக்கொண்டு கிடந்தீர்கள், கடைசியில் அந்தப் பிள்ளைகள் அம்மா அம்மா என்று கூப்பிட்டதும் அந்தப் பேச்சில்தான் என்று அவர்களுக்கு யார் சொல்வது? நீங்களும் சொல்லவில்லை. ஒத்துழைக்காத ஆள் என்று முடிவு செய்து உங்களை மறுபடி கூப்பிடவில்லை. லீலாதேவி டீச்சர் நம் வீட்டுக்கு வந்து, தனுஜாவின்ர அப்பா நிக்கிறாரோ என்று அதே பேச்சில் கேட்ட நேரமெல்லாம் நீங்கள் பின்பக்கத்தால் பீலியடிக்குப் போய்விடுவீர்கள். மரியாதை தெரியாத மனுசன் என்று நான் முணுமுணுப்பேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டீச்சரை நான் வாசலிலேயே பேசி அனுப்பியிருப்பேன்.

சரி, மேலே கேளுங்கள். ரஷ்யாவுக்குப் போனவன் பேரைச் சொன்னாலே அமைப்பில் கதவைச் சாத்துகிறார்கள். நாட்டுக்காகச் சண்டை பிடித்தவன் கூலிக்குச் சண்டை பிடிக்கப் போனால் அவன் நம் ஆள் இல்லை என்பது அவர்கள் கணக்கு. அதனால் ஹஸீப் அண்ணன் அவர்களிடம் நீங்கள் இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடைத் தராசைத் தூக்கி அடித்திருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, இருக்கிறவன் பொஞ்சாதிக்கு அங்க ஒண்ணும் இல்ல தங்கச்சி, செத்தவன் மகளுக்குத்தான் ஹொஸ்டல் என்றார். நான் பதில் பேசாமல் பஸ் ஏறினேன். பதில் பேசாததை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். சம்மதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் ஒரு பார்சல் வந்தது. நான் பிள்ளைக் காம்பராவில் இருந்தேன். அம்மா பிரித்திருக்கிறார். உள்ளே ஒரு வெள்ளைச் சேலை. அவர்களுடைய விழாவுக்கு எல்லாப் பெண்களும் வெள்ளைதான் உடுத்த வேண்டுமாம், அமைப்பை நடத்தும் பெரிய நோனாவும் வெள்ளைதானாம், பௌத்தப் பன்சலைக்குப் போவதுபோலச் சுத்தமாக இருக்கட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். கூட வந்த துண்டுக் கடிதம் சிங்களத்தில் இருந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. கவர்மெண்டிலிருந்து மருமகளுக்கு வெள்ளைச் சேலை வந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் போட்ட சத்தம் மலைக்கு மேலே கேட்டிருக்கிறது. கொழுந்துக்காரிகள் கூடையோடு ஓடி வந்தார்கள். நான் வரும்போது வாசலில் பாய் விரித்து ஒப்பாரி நடக்கிறது. ரமேஸ் தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சிக்கொண்டு, பொணம் எப்ப வருது அண்ணி, பதுளையிலேயே எடுக்கிறதா, இங்க கொண்டு வர்றதா என்று என்னையே கேட்டான்.

ஒருத்தரும் சாகவில்லை, எழுந்து போங்கள் என்று கத்தினேன். யாரும் நம்பவில்லை. அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தனுஜா பள்ளி உடுப்போடு வந்து, அந்தத் துண்டுக் கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்ன பிறகுதான் அழுகை நின்றது. நின்ற பிறகு கோபம் வந்தது. அரைநாள் வேலை போனது அவர்களுக்கு. ஒப்பாரியில் உங்களைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளை எல்லாம் போகிற வழியில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ரமேஸ் மட்டும் தப்பை இறக்கி வைத்துவிட்டு, அண்ணன் வந்தா இதச் சொல்லிச் சிரிப்போம் என்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

அதற்குப் பிறகு லயத்திலிருந்து அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு இறங்க முடியுமா? விழா அன்று என் அரக்குச் சேலையில் போனேன். மண்டபத்துக் கழிவறையில் மாற்றினேன். தாலியை ரவிக்கைக்குள் தள்ளினேன். பொட்டை, எச்சில் தொட்ட பெருவிரலால் அழித்தேன். கண்ணாடியில் ஒரு தடவைதான் பார்த்தேன். ஹஸீப் அண்ணன் வெளியே நின்று, நீ ஒண்ணும் பேச வேணாம் தங்கச்சி, யாரு என்ன கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு என்றார். தலையாட்டுவது என்ன பெரிய வேலை? கங்காணிக்கு ஆட்டினோம், சங்கத் தலைவருக்கு ஆட்டினோம், அதில் இதுவும் ஒன்று என்று நினைத்தேன்.

மேடையில் வரிசையாகப் பெண்கள். எல்லாரும் சிங்களப் பெண்கள், என்னைத் தவிர. ஒவ்வொருத்தியாக விளக்கேற்றி, ஒலிவாங்கியில் தன் புருஷனின் பெயரைச் சொல்ல வேண்டும். அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர்களுக்கு அது ஒரு விஷயமாகப் பட்டிருக்காது. உங்கள் பெயரை நான் இன்று வரை வாயால் சொன்னதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், சொல்லு சொல்லு என்று என் ஜடையைப் பிடித்து இழுத்தீர்கள். தனுஜாவைப் பெற்றபோது ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்டதற்குப் பக்கத்துக் கட்டில்காரியைச் சொல்லச் சொன்னேன். போனிலும் தனுஜா அப்பா என்றுதான் பதிந்திருக்கிறேன். இந்தக் காலத்தில் யாரடி இதெல்லாம் பார்க்கிறார்கள் என்று சிரித்தீர்கள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று உங்கள் அம்மா சொன்னதை நான் நம்புகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. ஆனால் உயிர் இருக்கிறதா என்றே தெரியாத ஆளின் ஆயுசோடு விளையாட எனக்குத் துணிவு வரவில்லை.

விளக்கை ஏற்றினேன். ஒலிவாங்கியை வாயருகே கொண்டு வந்தார்கள். வாய் திறக்கவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துச் சனம் அழத் தொடங்கியது. பெரிய நோனா என் முதுகைத் தடவினார். தமிழில் கேளுங்கள் என்று, மொழிபெயர்க்க வந்து ஓரமாக நின்றவரை அழைத்தார்கள். அது அதே இரகுநாதன் மாஸ்டர். கிட்ட வந்தவர் என் பிடரியைப் பார்த்துவிட்டார். மஞ்சள் கயிறு வெளியே தெரிந்திருக்கிறது. ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, பிள்ளை, அவர் இருக்கிறாரோ என்று மெதுவாகக் கேட்டார். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டச் சொல்லியிருந்தார்களே, ஆட்டிவிட்டேன்.

அவர் கேட்டதைக் கேட்டபடி சிங்களத்தில் நோனாவிடம் சொன்னார். உங்களைப் போலவே.

நோனா சத்தம் போடவில்லை. என்னை ஒரு அறைக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே உன் கணவர் என்று கேட்டார். ரஷ்யா என்றேன். கையை விட்டுவிட்டார். என்னை நினைத்து வருந்துவதாகவும், ஆனால் இது உயிர் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்குரிய இடம், அதை வேறு ஆளுக்குக் கொடுத்தால் உதவி தருகிறவர்களுக்குத் தன்னால் பதில் சொல்ல முடியாது என்றும் சொன்னார். சாப்பாட்டுப் பார்சல் தந்தார். வெளியே ஹஸீப் அண்ணன் ஊன்றுகோலோடு தலைகுனிந்து நின்றார். எல்லாரும் நல்லவர்கள்தான். ஒருத்தர் நல்லதுக்குப் பொய் சொன்னார், ஒருத்தர் நல்லதுக்கு உண்மை சொன்னார், ஒருத்தர் சேலை தந்தார். திட்டுவதற்குக்கூட எனக்கு ஒரு கெட்டவன் கிடைக்கவில்லை. அதனால்தான் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாஸ்டர் பஸ் நிலையம் வரை கூட வந்தார். என்னால் பிள்ளையின் இடம் போய்விட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பண்டாரவளையில் அன்று தம்பி ஏன் எழும்பிப் போனவர் என்று கேட்டார். ஹஸீப் அண்ணன் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். நடு ரோட்டில் நின்றுவிட்டார். பிறகு, என்ர தம்பியும் அந்தக் காட்டுக்குள்ளதான் துலைஞ்சவன் என்றார். உங்களுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். அண்டைக்கு அவர் வாயைத் திறந்திருந்தால் நான் இருந்து கேட்டிருப்பனோ தெரியேல்லை. எழும்பிப் போனது ரெண்டு பேருக்கும் நல்லது. திரும்பி வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கோ, ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. இதுதான் செய்தி.

இனி நடக்கப் போவதைக் கேளுங்கள். ஹஸீப் அண்ணன் மறுபடி கொழும்புக்குப் பேசியிருக்கிறார். நோனா இறங்கி வந்திருக்கிறார். நீங்கள் இறந்துவிட்டதாக நம்புகிறேன் என்று நான் ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால், பழையதைக் கிளறாமல் தனுஜாவுக்கு விடுதி இடம் தருவார்களாம். பசறையில் கேள்வி கேட்காமல் ஒப்பம் வைக்கும் ஜே.பி., சமாதான நீதவான் ஒருவரை அண்ணன் பார்த்து வைத்திருக்கிறார். வெறும் கடதாசிதானே தங்கச்சி, மச்சான் வந்தா சிரிச்சிக்கிட்டே கிழிச்சிப் போடுவான் என்கிறார். ஒப்பாரியை நிறுத்தியவள் நான், இப்போது நானே போய் எழுதிக் கொடுக்க வேண்டும். தனுஜாவைக் கேட்டேன். எழுதிக் குடுத்துருங்கம்மா, அப்பா கோவிக்க மாட்டாங்க என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் புத்தகத்தைத் திறக்கவில்லை.

விடுதியில் திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். நான் நினைத்துப் பார்த்தேன். உங்களுக்காக அவள் படிப்பை விட்டால், நாளைக்கு அவளும் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. ஆகவே திங்கட்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் பசறைக்குப் போகிறேன். அந்த வெள்ளைச் சேலையை அவர்கள் திரும்பக் கேட்கவில்லை, பெட்டியில் இருக்கிறது. அதை உடுத்த மாட்டேன். ஒப்பம் மட்டும் வைப்பேன்.

அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. யார் யாருடைய குரலையோ அத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் குரலை எங்களுக்கு ஒரு தடவை கேட்கக் கொடுங்கள். பேச வேண்டாம், இருமினாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காலிக்காரரின் போனைக் கெஞ்சி வாங்குங்கள். மகளுக்கு வேறு வழி தேடிக்கொள்கிறேன், எங்கேயாவது பாத்திரம் கழுவியாவது படிக்க வைக்கிறேன், அந்தப் பஸ்ஸில் மட்டும் என்னை ஏற விடாதீர்கள்.

மேடையில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அம்மா தூங்குகிறார், பார்க்க மாட்டார். ரஜீவ். ரஜீவ். வீட்டுக்கு வாங்க. புருஷன் பேரைச் சொல்றியாடி என்று திட்டுவதற்காவது கூப்பிடுங்கள்.

மாரியம்மா உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை வரை உங்கள் மனைவி,
தயானி